கூட்டலும் பெருக்கலும்: அதிர்வெண் நகர்த்தியைத் தேர்வது குறித்துச் சில குறிப்புகள்

'சுருதியை ஏத்து, இறக்கு' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இந்தச் சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு காரியங்கள் குடியிருக்கின்றன. ஒன்று பெருக்கல். மற்றது கூட்டல். மரத்தைக் கடைகிறவரும் தோலை இழுத்துக் கட்டுகிறவரும் காலங்காலமாகச் செய்துவந்தது பெருக்கல். கூட்டல் எந்திரத்தோடு வந்தது. இன்று கணினியில் இசை அமைக்கிறவர்கள் கையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பொத்தான்களாக இருப்பதால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை. காதில் படும். ஆனால் யாருடைய காதில் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதை ஒட்டி நண்பர்கள் சிலர் ஒரு நாடகம் தயாரிக்கிறார்கள். மேடையில் தீ இல்லை, ஓலம் இல்லை, ஒலித்தடம் மட்டும் என்பது அவர்கள் தீர்மானம். திருக்கடையூரில் நாகசுரமும் தவிலும் பதிவு செய்தார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வேறொரு ஊரின் சேரியில் பறை பதிவு செய்தார்கள். இவற்றை வளைப்பதற்கு ஃப்ரீக்வென்ஸி ஷிஃப்டர் என்ற வகை ப்ளக்-இன் வேண்டுமாம். "அஞ்சாறு கெடக்குண்ணே. எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது. எதப் போடறது?" என்று கேட்டான் ஒலித்தடம் அமைக்கும் தம்பி. ஒரு தமிழ் எம்.ஏ.விடம் கேட்கிற கேள்வியா இது என்று தோன்றலாம். யாப்பிலக்கணத்தில் தளை தட்டுவதைக் கண்டுபிடிக்கிற பயிற்சி உள்ளவர்களுக்கு இது அவ்வளவு தூரமில்லை.

திருக்கடையூரில் முகூர்த்த நாளில் அமிர்தகடேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தவர்களுக்கு ஒரு அனுபவம் வாய்த்திருக்கும். அறுபதாம் கல்யாணம், எழுபது, எண்பதாம் கல்யாணம் என்று பிராகாரத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி மேளம். ஒருவர் நாகசுரம் இரண்டு கட்டை, பக்கத்தில் இரண்டரை. நடுவில் நிற்கிறவருக்கு இரண்டும் சேர்ந்து காதுக்குள் உதறும். நெருங்கிய இரண்டு அதிர்வெண்கள் மோதும்போது அவற்றின் வித்தியாசம் எத்தனையோ, நொடிக்கு அத்தனை முறை ஒலி ஏறி இறங்கும். இயற்பியலில் இதை விம்மல் என்பார்கள். கொஞ்சம் தள்ளிப் போய் ஒரு மேளத்தை மட்டும் கேட்டால் அது தன்னளவில் சுத்தமாக இருக்கிறது. இரண்டு கட்டைக்காரர் வாசிக்கும் தோடியும் தோடிதான், இரண்டரைக்காரர் வாசிப்பதும் தோடிதான். சுருதி மாறினாலும் ராகம் மாறாமல் இருக்க எது காப்பாற்றுகிறது? விகிதம்.

எளிய கணக்காக சட்ஜத்தை நொடிக்கு 300 அதிர்வு, அதாவது 300 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சமம் 450. மேல் சட்ஜம் 600. இந்த மூன்றையும் 1.1 ஆல் பெருக்கினால் 330, 495, 660. எண்கள் மாறின, ஒன்றரைப் பங்கு, இரட்டைப் பங்கு என்ற உறவுகள் மாறவில்லை. பழைய வாத்தியமான திமிரி நாகசுரத்திலிருந்து பாரி நாகசுரத்துக்கு மாறியபோது நடந்தது இதுதான். குட்டையான, நாலு கட்டை ஐந்து கட்டையில் கூவும் திமிரியை விட்டு, நீளமான, தணிந்த சுருதிக் குழாயை நிலைநிறுத்தியவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956). அதைச் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற, ஈரம் செத்த ஆச்சா மரத்தில் கடைகிற அந்த ஊர் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குழாய் நீளும்போது துளைகளின் இடைவெளியும் அதே விகிதத்தில் விரிய வேண்டும். ஆசாரியின் கையில் இருப்பது பெருக்கல் வாய்பாடு. அவர் அதை அப்படி அழைக்காமல் இருக்கலாம்.

இந்தப் பெருக்கலைத் தமிழில் வாதமாகவே முன்வைத்தவர் ஆபிரகாம் பண்டிதர். தஞ்சையில் 1917இல் வெளியான கருணாமிர்த சாகரத்தில், ஸ்தாயியை 22 சுருதியாகப் பிரிப்பதை மறுத்து 24 சம அலகுகள் என்று அவர் நிறுவ முயன்றார். அங்கே 'சமம்' என்பது கூட்டல் சமம் அல்ல. ஒவ்வொரு படியும் முந்தைய படியை ஒரே எண்ணால் பெருக்கி வருவது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையிலிருந்தெல்லாம் அவர் ஆதாரம் தேடினார். குரலுக்கு இளி, இளிக்கு இளி என்று போகும் பழைய முறையும் விகிதத்தின் முறையே. பண்ணுப்பெயர்த்தல் என்று நம் இலக்கண மரபு சொல்வது இன்னொன்று: சுரங்களை அசைக்காமல் வேறொரு சுரத்தைக் குரலாகக் கொள்வது. அதிலும் சுரங்களுக்குள் இருந்த உறவு கெடுவதில்லை, நிற்கிற இடம்தான் மாறுகிறது. பண்டிதரின் 24ஐ ஏற்கலாம், மறுக்கலாம் (கமகம் என்று ஒன்று இருக்கும்வரை சமப் பிரிப்பு எதுவும் முழுதாகப் பொருந்தாது என்பது என் கட்சி). ஆனால் தஞ்சை மண்ணில் நடந்த இசைச் சண்டைகள் எல்லாமே பெருக்கலுக்கு உள்ளே நடந்த சண்டைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். கூட்டல் யாருடைய கனவிலும் இல்லை.

அது வந்த வழி தொலைபேசி. ஒரே கம்பியில் பல உரையாடல்களை அனுப்ப, ஒவ்வொரு குரலையும் வெவ்வேறு உயரத்துக்குத் தூக்கி அடுக்கி, மறுமுனையில் இறக்கினார்கள். 1915 வாக்கில் அமெரிக்காவில் ஜான் கார்சன் கண்ட ஒற்றைப் பக்கப்பட்டை முறை இதற்கு அடிப்படை. குரலில் உள்ள ஒவ்வொரு அதிர்வெண்ணோடும் ஒரே எண்ணைக் கூட்டுவது. மறுமுனையில் கழிக்கும்போது நாலைந்து எண் தவறினால் பேசுகிறவர் குரல் கொஞ்சம் விகாரமாகக் கேட்கும், அவ்வளவுதான். வணிகத்துக்குப் போதும். 1960களில் ஹரால்ட் போடே இதை இசைக் கருவியாகவே செய்தார். கொலம்பியா-பிரின்ஸ்டன் மின்னணு இசை மையத்தில் பயன்பட்டது, பிறகு மூக் நிறுவனம் வழியாகவும் விற்பனைக்கு வந்தது. இன்று கணினியில் இருக்கும் ப்ளக்-இன்கள் எல்லாம் போடேயின் பேரப்பிள்ளைகள்.

இடையில் ஒரு கிளைக்கதை உண்டு, பொதுக்கூட்டம் நடத்துகிற தோழர்களுக்கு அது பயன்படும். மைக்செட் ஊளையிடுவது நமக்குத் தெரியும். பேச்சாளர் உணர்ச்சிவசப்படும் நேரம் பார்த்து 'கூய்ய்' என்று கத்தும். ஒலிபெருக்கியிலிருந்து வந்தது மைக்கில் நுழைந்து மறுபடி பெருகி, சுற்றிச் சுற்றி வளர்வது அது. ஒரு மண்டபம் எல்லா அதிர்வெண்களையும் ஒரேமாதிரி ஏற்பதில்லை; மேடும் பள்ளமுமாக ஏற்கும். மேட்டில் சிக்கிய அதிர்வெண்தான் ஊளையாகிறது. பெல் ஆய்வகத்தின் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் 1960களில் சொன்ன உபாயம்: சுற்றுக்கு ஒரு முறை ஒலியோடு 5 ஹெர்ட்ஸ் அளவுக்குக் கூட்டிவிடுங்கள், மேட்டில் இருந்தது நகர்ந்து நகர்ந்து பள்ளத்தில் விழுந்துவிடும். சில டெசிபல் கூடுதலாகச் சத்தம் வைக்கலாம். பேசுகிறவர் குரலில் 5 ஹெர்ட்ஸ் யாருக்கும் தெரியாது. அதே மேடையில் ஒருவர் பாடினால் தெரியும்.

ஏன் தெரியும்? மேலே போட்ட கணக்குக்குத் திரும்புவோம். 300, 450, 600 மூன்றோடும் 30ஐக் கூட்டினால் 330, 480, 630. இப்போது பஞ்சமம் ஒன்றரைப் பங்காக இல்லை. பிரதி மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில், எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில் நிற்கிறது. மேல் சட்ஜம் காகலி நிஷாதத்தை ஒட்டி விழுந்துவிட்டது. அதாவது ஸ்தாயி மூடவில்லை. கீழ் சட்ஜம் ஒன்றரை அரைச்சுரத்துக்கு மேல் ஏறியிருக்க, மேல் சட்ஜம் ஒரு அரைச்சுரம்கூட ஏறவில்லை. கமகமும் அப்படியே: கீழே அசைத்த அசைவு சுருங்கிப்போகும், மேலே அசைத்தது கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ராகம் தப்பான சுரத்தால் கெடவில்லை. சுரங்களுக்குள் இருந்த ஒப்பந்தம் கிழிந்துவிட்டது.

இது ராகத்தோடு நிற்பதில்லை, ஒற்றைச் சுரத்துக்குள்ளும் நுழைகிறது. நாகசுரம் கூம்புக் குழாய், இரட்டை நாணல் சீவாளி. ஊதும் ஒரே சுரத்துக்குள் 300, 600, 900, 1200 என்று மடங்குகளாக மேற்சுரங்கள் நிறைந்திருக்கும். அந்த மடங்குகள் ஒழுங்காக இருப்பதால்தான் அத்தனையையும் சேர்த்து 'ஒரு சுரம்' என்று காது எடுத்துக்கொள்கிறது. 30 கூட்டினால் 330, 630, 930, 1230. இவை 330இன் மடங்குகளாக அமையவில்லை. காது குழம்பி, 'இது குழல் இல்லை, மணியோ தாம்பாளமோ' என்று எண்ணத் தொடங்குகிறது. வித்தியாசத்தைக் காப்பாற்றி (அடுத்தடுத்த இழைகளுக்குள் இன்னமும் 300தான்) விகிதத்தைக் கைவிடுகிறது இந்தக் கருவி. இந்த வாக்கியத்தைப் படித்ததும் நண்பர்கள் சிலருக்கு பிரெஞ்சுப் பெயர்கள் நினைவுக்கு வரும். இப்போதைக்கு வேண்டாம். காதை நம்புவோம்.

இனி ப்ளக்-இன் தேர்வு.

முதலாவது, பெயரை நம்பக்கூடாது. ஷிஃப்டர் என்ற பெயரில் பெருக்குகிற கருவியும் கிடைக்கிறது, கூட்டுகிற கருவியும் கிடைக்கிறது. ஏபில்டன் லைவ் மென்பொருளில் 2022இல் 11.1 பதிப்போடு வந்த ஷிஃப்டரில் பிட்ச், ஃப்ரீக்வென்ஸி, ரிங் என்று மூன்று நிலைகளும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. குமிழின் அலகைப் பாருங்கள்: செமிடோன், சென்ட் என்றால் பெருக்கல், ஹெர்ட்ஸ் என்றால் கூட்டல். ரிங் என்பது கூட்டலையும் கழித்தலையும் ஒரே நேரத்தில் செய்வது. 300க்கு 30 கொடுத்தால் 330, 270 இரண்டும் வரும், மூலம் மறையும். அறுபது வருஷமாக எந்திரக் குரலுக்கும் வேற்றுக்கிரகக் குரலுக்கும் சினிமா அதைப் பயன்படுத்திப் பயன்படுத்தித் தேய்த்துவிட்டது. லாஜிக் மென்பொருளில் இருக்கும் ரிங்ஷிஃப்டர் இரண்டையும் சேர்த்துத் தருகிறது, ஆனால் ஆப்பிள் கணினி வேண்டும்.

இரண்டாவது, கசிவு. கூட்டல் மட்டும் செய்ய வேண்டிய கருவி உள்ளே கழித்தலையும் செய்து, பின் ஒன்றை அழிக்கிறது. அழிப்பு முழுமையாக இல்லாவிட்டால் ரிங் வாடை அடிக்கும். சோதிப்பது எளிது. 1000 ஹெர்ட்ஸ் சுத்த ஒலி ஒன்றைக் கொடுத்து 100 கூட்டுங்கள். அலைமாலை காட்டும் சாளரத்தில் 1100இல் மட்டும் கோடு நிற்க வேண்டும். 900இல் கணிசமாக இன்னொன்று தெரிந்தால் கசிகிறது. இதோடு நிறுத்தாமல் 60 ஹெர்ட்ஸிலும் சோதியுங்கள். பல கருவிகள் நடுப்பகுதியில் யோக்கியமாக இருந்து அடிப்பகுதியில் கசியும். வயலினோ குரலோ மட்டும் பதிகிறவர்களுக்கு அது பிரச்சினை இல்லை. தவிலின் தொப்பிப் பக்கம் கம்பு விழும்போது எழுகிற அடிக்குரலைக் கொடுத்துப் பார்த்தால்தான் யோக்கியதை வெளுக்கும்.

மூன்றாவது, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் குமிழ் எவ்வளவு நுணுக்கமாகத் திரும்புகிறது என்பது. ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் தள்ளலாம் என்ற விளம்பரத்தால் ஒரு பயனும் இல்லை. நம் வேலை பெரும்பாலும் பத்துக்கும் கீழே. அரை ஹெர்ட்ஸ் தள்ளி மூலத்தோடு கலந்தால் முடிவில்லாமல் ஏறிக்கொண்டே இருப்பதுபோல ஒரு சுழற்சி கிடைக்கும். மிக அழகான விளைவு இதுதான். கால் ஹெர்ட்ஸுக்குக் குமிழ் கட்டுப்படாவிட்டால் அந்தக் கருவியை விட்டுவிடலாம்.

நாலாவதாக ஒன்று. ஒற்றை நாகசுரப் பதிவை ஜோடி நாகசுரமாக்க இதை எடுக்காதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கையில் ஒருவர் 300, மற்றவர் 302 என்றால் விம்மல் அடியில் 2, அதற்கு மேல் 4, 6, 8 என்று அடுக்கடுக்காக வேறுபடும். அந்த அடுக்குதான் ஜோடியின் செழுமை. அதிர்வெண் நகர்த்தியில் எல்லா இழையும் நொடிக்கு 2 என்று ஒரே தாளத்தில் விம்மும். மங்கள வாத்தியத்துக்குப் பதிலாகக் கோயில்களில் மாட்டியிருக்கும் மின்சார மணி-முரசு எந்திரத்தின் வாசனை அது. ஜோடி வேண்டுமென்றால் பிட்ச் ஷிஃப்டரில் சில சென்ட் போதும். அதைவிட நல்லது இன்னொரு நாகசுரக்காரருக்குச் சம்பளம் கொடுப்பது.

கைக்கு எட்டுகிற கருவிகள் என்று பார்த்தால், காசு கொடுக்காமலே தேறும். கிலோஹார்ட்ஸ் நிறுவனத்தின் ஃப்ரீக்வென்ஸி ஷிஃப்டரும் மெல்டாவின் எம்ஃப்ரீக்ஷிஃப்டரும் இலவசத் தொகுப்புகளில் வருகின்றன. முதலாவது மிக எளிமை, கற்றுக்கொள்ள நல்லது. வல்ஹல்லாவின் ஃப்ரீக் எக்கோ எதிரொலிக்குள் நகர்த்தியை வைத்திருக்கிறது. ஒவ்வொரு திரும்பலிலும் இன்னும் கொஞ்சம் தள்ளும். அதுவும் இலவசம். என் தேர்வு ஸர்ஜ் எக்ஸ்டி. 2018இல் அதன் ஆசிரியர் மூல நிரலைத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள். அதன் நகர்த்தியில் இடக்காதுக்கும் வலக்காதுக்கும் வேறுவேறு எண் கொடுக்கலாம், தாமதமும் மறுசுழற்சியும் உண்டு, லினக்ஸிலும் ஓடும். நாடகக் குழுவில் இருப்பது யாரோ ஒருவரின் அரசு இலவச மடிக்கணினி என்பதை மறக்கக்கூடாது. 'பிரதி'யைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நாம் திருட்டுப் பிரதியில் வேலை செய்வதற்குக் கொள்கை ரீதியான நியாயங்கள் வைத்திருக்கலாம். ஆனால் திறந்த நிரல் கையில் இருக்கும்போது அந்த நியாயங்களைச் செலவழிக்கத் தேவையில்லை. நிரலைத் திறந்து உள்ளே எந்த இடத்தில் கூட்டுகிறது என்று பார்க்கவும் முடிகிறது.

இதுவரை சொன்னது தொழில்நுட்பம். இனி வருவது எனக்கு முக்கியமாகப் படுவது.

இந்தக் கருவிகளின் கையேடுகளிலும் பயிற்சிகளிலும் ஒரு அறிவுரை திரும்பத் திரும்ப வரும்: சுரமுள்ள வாத்தியங்களுக்குப் பார்த்துப் போடுங்கள், தோல் வாத்தியங்களுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள். காரணமும் சொல்கிறார்கள். குழலிலும் தந்தியிலும் மேற்சுரங்கள் மடங்குகளாக உள்ளன, நகர்த்தினால் உடையும். தோலில் மடங்கே இல்லை, உடைவதற்கு என்ன இருக்கிறது?

இந்த வாதத்தில் பாதி உண்மை. வட்டத் தோலின் இயல்பான அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்று முழு எண்ணல்லாத விகிதங்களில் போகும். மிருதங்கம் இதற்கு விலக்கு. வலந்தலையின் நடுவில் அப்பிய கறுப்புக் கரணை தோலின் எடையை மாற்றி மேற்சுரங்களை மடங்குகளாக இழுத்து வைக்கிறது என்று சி.வி. ராமன் 1920இலும், விரிவாக 1934இலும் எழுதினார். ஆகவே மிருதங்கத்தைத் தம்புராவோடு சேர்க்க முடியும். கச்சேரி மேடையில் அதற்கு இடம் கிடைத்ததற்கு இந்தச் சேர்க்கையும் ஒரு காரணம். அந்தத் தோலைப் பதப்படுத்திக் கரணையை அப்பித் தந்தவர்களுக்கு மேடையில் இடம் கிடைக்கவில்லை என்பதை டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் ஸன்ஸ்' (2020) விரிவாகப் பேசியிருக்கிறது. தவிலுக்குக் கரணை இல்லை. அது கோயில்வரை வந்தது. பறைக்கும் இல்லை, அது தெருவோடு நின்றது. இசை எது, வெறும் ஓசை எது என்ற பிரிவினைக்குச் சாதி கொடுத்த காரணங்களோடு இயற்பியல் கொடுத்த ஒரு காரணமும் ஒட்டிக்கொண்டது: 'அதில் சுருதி கிடையாது.' 1990கள் தொடங்கி தலித் பண்பாட்டு இயக்கங்கள் பறையை மேடையேற்றியபோது இந்த வாய்ப்பாட்டைத்தான் எதிர்கொண்டன. இப்போது அதே வாய்ப்பாடு ப்ளக்-இன் அறிவுரையாக வந்து உட்கார்ந்திருக்கிறது. சுருதி இல்லாதது, என்ன செய்தாலும் தாங்கும், இஷ்டத்துக்கு வளைத்துக்கொள்.

நாடகத் தம்பி இந்த அறிவுரைப்படி பறைப் பதிவை மைனஸ் 40 ஹெர்ட்ஸ் தள்ளினான். எங்களுக்கு நன்றாகத்தான் இருந்தது, கனமாக, பயமாக. பதிவில் அடித்த பறைக்காரரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினான். அவர் ஒரு நிமிஷம் கேட்டார். "அடி காஞ்சிருக்கு தம்பி. ஓசை காயல" என்றார்.

இந்தச் சில அசைக்குள் இயற்பியல் முழுக்க இருக்கிறது. பறையைத் தீயில் காட்டிக் காய்ச்சும்போது தோல் இறுகுகிறது. இறுக்கம் கூடினால் தோலின் எல்லா அதிர்வுகளும் ஒரே விகிதத்தில் ஏறும். ஆறினால் ஒரே விகிதத்தில் இறங்கும். தீ பெருக்குகிறது. எனவே காய்ந்த பறையில் அடியின் 'சுள்'ளும் அதன் பின் நிற்கும் ஓசையும் சேர்ந்தே காய்ந்திருக்கும். ஆறிய பறையில் இரண்டும் சேர்ந்தே தொய்ந்திருக்கும். எந்திரமோ 40ஐக் கழித்தது. அடி அதிர்வு 200 என்றால் 160 ஆகி, ஐந்தில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. குச்சி விழும் கூர்மை இருக்கிற 3000ஆம் பக்கத்தில் அது 2960, இறங்கியதே தெரியாது. நடுவில் 1.59 ஆக இருந்த உறவு 1.74 ஆகிவிட்டது. விளைவு: அடி தீயிலிருந்து இப்போதுதான் எடுத்த பறை, ஓசை மழையில் நனைந்த பறை. அப்படி ஒரு பறை உலகத்தில் கிடையாது. அதைத்தான் அவர் சொன்னார்.

முழு எண் அல்லாத விகிதமும் விகிதம்தான். மடங்கு இல்லை என்பதிலிருந்து உறவு இல்லை என்று தாவுவது தர்க்கம் அல்ல, பழக்கம். யாருடைய காதை அளவுகோலாக வைத்துக் கையேடு எழுதப்பட்டதோ அந்தக் காதின் பழக்கம். நாகசுரத்தில் பஞ்சமம் அரைக்கால் குறைந்தால் செம்பனார்கோயில் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற சாதாரண ரசிகரும் முகம் சுளிப்பார். அந்த முகச்சுளிப்புக்கு 'இசை ஞானம்' என்று பெயர். பறையில் அடியும் ஓசையும் பிரிந்தால் சுளிக்கிற முகத்துக்கு நம் இசை விமர்சனம் இன்னும் பெயர் வைக்கவில்லை. நகர்த்தவே கூடாது என்பதல்ல என் வாதம். வெண்மணியைப் பற்றிய நாடகத்தில், உலகத்தில் இல்லாத பறை ஒன்று ஓரிடத்தில் கேட்க வேண்டியிருக்கலாம். அது தேர்வாக இருக்க வேண்டும், 'இதுக்கு என்ன சுருதியா கெட்டுப்போகுது' என்ற அலட்சியமாக இருக்கக்கூடாது.

குழுவினர் கடைசியில் இப்படி அமைத்தார்கள். கனமான பறை வேண்டிய இடத்துக்குக் கருவியை விட்டுவிட்டு, அதே பறைக்காரரை வைத்து அதே மைக், அதே தூரத்தில் இரண்டு பதிவு எடுத்தார்கள்: காய்ச்சியதும் ஒன்று, முழுக்க ஆறவிட்டு ஒன்று. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். நாகசுரத்தில் வாசிப்பைத் தொடவில்லை. அதன் எதிரொலிக்கு மட்டும் ஸர்ஜில் மைனஸ் 7. மறுசுழற்சி இருப்பதால் திரும்பும்போதெல்லாம் இன்னொரு 7 போகிறது: 300 என்ற சட்ஜம் 293, 286, 279 என்று இறங்க, மேல் சட்ஜம் 593, 586, 579 என்று இறங்குகிறது. மூன்றாவது எதிரொலிக்குள் ஸ்தாயி இரண்டு மடங்கைத் தாண்டி விரிந்துவிடுகிறது. வாசிக்கிறவர் முழுசாக இருக்க, அவருக்குப் பின்னால் ஊர் மட்டும் கலைந்துபோகிறது.

வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் ஒரு விஷயம். கழித்தலில் பூஜ்யத்தைத் தாண்டினால் ஒலி மறைவதில்லை, மடிந்து திரும்பும். 300, 600, 900, 1200 இழைகளில் 400ஐக் கழித்தால் மைனஸ் 100 என்பது 100 ஆகக் கேட்கும், பிறகு 200, 500, 800. மேல் எல்லையிலும் இதே கதை: 44,100 மாதிரி வேகத்தில் பதிந்த கோப்பில் 22,050ஐத் தாண்டுவது கீழே மடியும். நல்ல கருவிகள் மேலே மடிவதை வடிகட்டும். கீழே மடிவது இந்த முறையின் பிறவிக்குணம். மூலக்கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தள்ளினீர்கள் என்பதைக் கோப்பின் பெயரிலேயே ஹெர்ட்ஸ் கணக்கில் எழுதிவையுங்கள். மூலம் தொலைந்துபோனாலும், பிளஸ் 30 தள்ளியதை மைனஸ் 30 தள்ளி ஏறக்குறைய மீட்டுவிடலாம். மடிந்ததை மீட்க முடியாது.